பிங்கலர் சொன்னது எது, உரைகாரர் சொன்னது எது? வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் வடமொழி விருத்தங்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வந்த கடிதங்களில், விருத்தங்களைக் காட்டிலும் அவற்றுக்கு இலக்கணம் வகுத்தவர்களைப் பற்றிய கேள்விகளே மிகுதி. பலர் ஒரே பொருளைக் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: இரும எண்முறை, பாஸ்கல் முக்கோணம், ஃபிபனாச்சி எண்கள் ஆகிய மூன்றையும் பிங்கலரே கண்டுபிடித்தார் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றி வருகிறது. நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன். இதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: மூன்றையும் பிங்கலர் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டால், அவருக்குப் பின் வந்த பலருடைய உழைப்பு மறைந்துபோகும். ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிங்கலரின் சந்தஸ் சூத்திரம் எட்டு அத்தியாயங்கள் கொண்ட வடமொழி யாப்பு நூல். அவர் காலத்தைப் பெரும்பாலோர் கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டு என மதிப்பிடுகின்றனர். நூலின் முற்பகுதி வேதச் சந்தங்களையும், அடுத்த பகுதி காவியங்களில் வழங்கும் விருத்தங்களையும் கூற, எட்டாம் அத்தியாயத்தின் இறுதியில் வரும் சில சூத்திரங்கள் மட்டும் கணக்குக்குள் நுழைகின்றன. குறில் தனித்து நின்றால் லகு. நெடிலும், கூட்டெழுத்துக்கு முன் நிற்கும் குறிலும் குரு. ஓரடியின் ஒவ்வோர் எழுத்தும் இவ்விரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றால், அந்த அடிக்கு எத்தனை வடிவங்கள் உண்டு, அவற்றை ஒன்றும் விடாமல் எப்படி எழுதுவது, பட்டியலைப் பார்க்காமலேயே குறிப்பிட்ட வரிசையிலுள்ள வடிவத்தை எப்படிச் சொல்வது என்பனவே அவர் எடுத்துக்கொண்ட வினாக்கள்.

வடிவங்களை வரிசையாக எழுதுவதற்குப் பிரஸ்தாரம் என்று பெயர். முதல் வரியில் எல்லாம் குரு. அடுத்த வரியில், மேல் வரியின் இடப்பக்கத்திலிருந்து முதலில் வரும் குருவை லகுவாக்கி, அதன் வலப்பக்கத்தை மேலே உள்ளபடியே எழுதி, இடப்பக்கத்தில் இடமிருந்தால் குருவால் நிரப்ப வேண்டும். இவ்வாறு மூன்று எழுத்துக்கு எழுதினால் குகுகு, லகுகு, குலகு, லலகு, குகுல, லகுல, குலல, லலல என எட்டு வடிவங்கள் கிடைக்கும். இவைதாம் ம, ய, ர, ஸ, த, ஜ, ப, ந என்னும் எட்டுக் கணங்கள், அதாவது மூவெழுத்துத் தொகுதிகள். பிங்கலர் தம் நூலின் தொடக்கத்திலேயே கணங்களை இந்த வரிசையில்தான் வைக்கிறார். எட்டாம் அத்தியாயத்தில் வரும் கணக்கு முதல் அத்தியாயத்திலேயே அவர் மனத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வரிசை எண்ணிலிருந்து வடிவத்தைக் காண்பதற்கு நஷ்டம் என்று பெயர். அழிந்துபோன வரியை மீட்பது என்பது பொருள். அதற்குரிய சூத்திரங்கள் இரண்டு: ‘லர்தே’, ‘ஸைகே க்’. எண் பாதியாகுமானால் லகு எழுது, ஒன்று கூட்டித்தான் பாதியாகும் என்றால் குரு எழுது என்பது இவற்றின் கருத்து. ஆறாம் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பாதியாகும், லகு, மிச்சம் மூன்று. மூன்று பாதியாகாது, ஒன்று கூட்டி நான்காக்கிப் பாதியாக்கினால் இரண்டு, எனவே குரு. இரண்டு பாதியாகும், லகு. லகுல என்பதே ஆறாம் வரி. அது ஜ கணம். குருவைச் சுழியாகவும் லகுவை ஒன்றாகவும் கொண்டால், நீங்கள் வகுப்பறையில் கற்பித்த இரும எண் மாற்றமே இது. இரண்டு வேறுபாடுகள் உள்ளன. சிறிய இலக்கம் இடப்பக்கத்தில் நிற்கிறது. வரிசை சுழியிலிருந்து தொடங்காமல் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆனால் பிங்கலர் எண்களை எழுதுவதற்கு இம்முறையைப் பயன்படுத்தவில்லை. செய்யுள் வடிவங்களை எண்ணுவதற்குத்தான் பயன்படுத்தினார். ஆதலால் ‘இரும முறையின் அடிப்படையை நன்கு அறிந்தவர்’ என்று சொல்லலாம், ‘இரும எண்முறையைக் கண்டுபிடித்தவர்’ என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகிவிடும்.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது வேறொன்று. ஆறெழுத்து அடிக்கு எத்தனை வடிவங்கள் என்று கேட்டால், இரண்டை ஆறு முறை பெருக்கச் சொல்லாமல் அவர் ஒரு குறுக்கு வழி காட்டுகிறார். ஆறைப் பாதியாக்கு, மூன்று. பாதியாகாததால் ஒன்றைக் கழித்து அங்கே சூன்யம் என்று குறித்துக்கொள், இரண்டு. பாதியாக்கு, ஒன்று. ஒன்றைக் கழித்துச் சூன்யம் குறித்துக்கொள். இப்போது கடைசியிலிருந்து திரும்பி வா. சூன்யம் வந்த இடத்தில் இரட்டிப்பு, பாதியாக்கிய இடத்தில் தன்னால் தன்னைப் பெருக்கு. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், எட்டு அறுபத்து நான்காகும். பெரிய அடுக்குகளைக் கணிப்பதற்குக் கணினி நிரல்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. இங்கே வரும் ‘சூன்யம்’ என்ற சொல்லைக் கண்டு சுழியைக் கண்டவரும் இவரே என்று இன்னொரு பட்டமும் சிலர் சூட்டுவதுண்டு. இவ்விடத்தில் அது ஓர் அடையாளக் குறியாகவே நிற்கிறது, எண்ணாக அன்று.

இனி பாஸ்கல் முக்கோணம். பிங்கலரின் நூலில் ‘பரே பூர்ணம்’ என்று இரண்டு சொற்கள் உள்ளன. பத்தாம் நூற்றாண்டில் மிருதசஞ்சீவனி என்னும் உரையை எழுதிய ஹலாயுதர் அச்சொற்களுக்கு உரை சொல்லும்போது, மேலே ஒரு கட்டம் வரைந்து, அதன் கீழ் இருபுறமும் பாதி பாதி வெளியே நீளுமாறு இரண்டு கட்டங்கள் வரைந்து, இவ்வாறே கீழே கீழே பெருக்கி, ஓரக் கட்டங்களில் ஒன்று என்றும் உட்கட்டங்களில் மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகையையும் எழுதச் சொல்கிறார். மேருப் பிரஸ்தாரம் என்னும் இம்முக்கோணத்தில் மூன்றெழுத்துக்கு உரிய வரி 1, 3, 3, 1 என வரும். அதாவது எல்லாம் குருவான வடிவம் ஒன்று, இரண்டு குரு உள்ளவை மூன்று, ஒரு குரு உள்ளவை மூன்று, குருவே இல்லாதது ஒன்று. பாஸ்கல் இதைப் பற்றி எழுதியது பதினேழாம் நூற்றாண்டில். இவ்வளவு பெரிய மேருவை ‘பரே பூர்ணம்’ என்ற இரு சொற்களுக்குள் பிங்கலரே வைத்திருந்தாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வரைந்து காட்டியவர் ஹலாயுதர் என்பதில் ஐயமில்லை. உரைகாரருக்கு உரியதைச் சூத்திரகாரருக்குக் கொடுப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். உரைகாரர்களே அப்படித்தான் விரும்பினார்கள் என்பதும் உண்மை.

மூன்றாவது, ஃபிபனாச்சி எண்கள். எழுத்தை எண்ணாமல் மாத்திரையை எண்ணும் செய்யுள்களில்தான் இவை பிறக்கின்றன. லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு மாத்திரை. நான்கு மாத்திரைக்கு குகு, லலகு, லகுல, குலல, லலலல என ஐந்து வடிவங்கள். மாத்திரைக் கணக்கில் அமைந்த ஆரியா விருத்தத்தில், மூவெழுத்துக் கணங்களுக்குப் பதிலாக வரும் நான்கு மாத்திரைக் கணங்கள் இவையே. ஐந்து மாத்திரைக்கு எத்தனை? லகுவில் முடிபவை, நான்கு மாத்திரை வடிவங்களோடு ஒரு லகு சேர்ந்தவை, எனவே ஐந்து. குருவில் முடிபவை, மூன்று மாத்திரை வடிவங்களோடு ஒரு குரு சேர்ந்தவை, எனவே மூன்று. ஆக எட்டு. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் என்னும் இவ்விதியைப் பிராகிருதத்தில் விருத்தஜாதிசமுச்சயம் எழுதிய விரஹாங்கர் கூறுகிறார். அவருக்கு உரை எழுதிய கோபாலர் எண்களோடு விளக்குகிறார். 1150ஐ ஒட்டி வாழ்ந்த ஹேமச்சந்திரர் தம் சந்தோனுசாசனத்தில் தெளிவாகச் சொல்கிறார். ஃபிபனாச்சி என்ற இத்தாலியரின் நூல் வெளிவந்த ஆண்டு 1202. இத்தொடருக்கு வேறு பெயர் வைக்க விரும்புகிறவர்கள் விரஹாங்கரின் பெயரை வைப்பதே நியாயம் என்பது என் கருத்து.

கேள்வி: பிங்கலர், வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் தம்பி என்கிறார்களே?

பதில்: பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷட்குருசிஷ்யர் என்ற உரைகாரர் அவ்வாறு கூறுகிறார். பிங்கலருக்கும் இந்த உரைகாரருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டு இடைவெளி இருப்பதால், இதை மரபுச் செய்தி என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். பஞ்சதந்திரத்தில் வரும் ஒரு செய்யுள், பாணினியைச் சிங்கம் கொன்றது, ஜைமினியை யானை மிதித்தது, பிங்கலரைக் கடற்கரையில் மகர மீன் கொன்றது என்கிறது. அறிவில்லாத விலங்குக்குக் குணம் எங்கே தெரியப் போகிறது என்பது அதன் பொருள். அச்செய்யுள் அமைந்துள்ள விருத்தத்தின் பெயர் சார்தூலவிக்ரீடிதம், அதாவது புலியின் விளையாட்டு. எழுதியவர் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார்.

கேள்வி: ‘யமாதாராஜபானஸலகம்’ என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தேன். பொருள் சொல்லித் தரவில்லை. இது பிங்கலருடைய சூத்திரமா?

பதில்: இல்லை. பிங்கலரின் சூத்திரங்களில் இது காணப்படவில்லை. வாய்மொழியாக வழங்கி வந்த நினைவுக் குறிப்பு. இதற்குப் பொருள் கிடையாது, பயன் உண்டு. எந்தக் கணம் வேண்டுமோ அந்த எழுத்தில் தொடங்கி அடுத்தடுத்து மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ய-மா-தா என்றால் லகு, குரு, குரு. அதுவே ய கணம். ஜ-பா-ந என்றால் லகு, குரு, லகு. அதுவே ஜ கணம். கடைசியில் நிற்கும் ல, கம் இரண்டும் தனி லகுவையும் தனிக் குருவையும் குறிக்கும். எட்டு மூவெழுத்து வடிவங்களும் பத்து எழுத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருமாறு அமைத்தவர் யாராக இருந்தாலும் கூர்மையான மூளைக்காரர். இதே செய்தியைச் சொல்லும் சுலோகமும் ஒன்று உண்டு: ய, ர, த என்னும் கணங்கள் முறையே முதலிலும் நடுவிலும் இறுதியிலும் லகு பெறும், ப, ஜ, ஸ என்பன அவ்வாறே குரு பெறும், ம முழுவதும் குரு, ந முழுவதும் லகு. இரண்டில் எது எளிது என்றால், பத்தெழுத்துத்தான்.

கேள்வி: காயத்ரிக்கு இருபத்து நான்கு எழுத்து என்று படித்திருக்கிறேன். ‘தத் ஸவிதுர்’ என்று தொடங்கும் மந்திரத்தை எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்றுதான் வருகிறது. இலக்கணம் தவறா, மந்திரம் தவறா?

பதில்: இரண்டும் தவறில்லை. மூன்று பாதங்களிலும் எட்டெட்டு எழுத்து வர வேண்டும். முதற் பாதமாகிய ‘தத் ஸவிதுர் வரேண்யம்’ என்பதில் ஏழுதான் உள்ளன. ‘வரேண்யம்’ என்பதை ‘வரேணியம்’ என்று விரித்தால் எட்டாகிவிடும். பாதம் நிறையாதபோது ‘இய’ முதலியவற்றால் நிரப்புக என்று பிங்கலரே சூத்திரம் செய்திருக்கிறார். சௌனகருடையதாக வழங்கும் வேத ஒலியிலக்கண நூலாகிய ரிக்வேதப் பிராதிசாக்கியமும் இவ்வாறு விரித்துக் கொள்வதைப் பற்றிப் பேசுகிறது.

விரிக்க விரும்பாதவர்களுக்கும் பிங்கலர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஓர் எழுத்துக் குறைந்தால் நிச்ருத், ஓர் எழுத்து மிகுந்தால் புரிக், இரண்டு குறைந்தால் விராட், இரண்டு மிகுந்தால் ஸ்வராட். உங்கள் எண்ணிக்கைப்படி இம்மந்திரம் நிச்ருத் காயத்ரி. விதிக்குள் அடங்காததைத் தவறு என்று தள்ளாமல் அதற்கும் ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்வது இந்த நூலாரின் இயல்பு.

1905ஆம் ஆண்டு எட்வர்ட் வெர்னான் ஆர்னால்ட் ரிக்வேதச் சந்தங்களை முழுமையாக ஆராய்ந்து வெளியிட்ட நூலில், ஓதும் பாடத்தில் புணர்ந்து மறைந்துபோன அசைகளை மீட்டு எண்ணுகிறார். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1888இல், ஹெர்மன் ஓல்டன்பெர்க் அதே பாதையில் நடந்திருக்கிறார். அவர்கள் கையில் விரிவான புள்ளிக்கணக்கு இருந்தது. ஆனால் வேர் பழைய சூத்திரத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: இன்ன சுவைக்கு இன்ன விருத்தம் என்று இலக்கணம் உண்டாமே? கவிஞர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதினார்களா?

பதில்: உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த க்ஷேமேந்திரர் எழுதிய சுவிருத்ததிலகம் என்னும் சிறு நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் இதைப் பற்றியதே. யாப்பு நூலாருள் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். மற்றவர்கள் எழுத்தை எண்ணி நிறுத்திக்கொள்ள, இவர் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்கிறார். அரசியல் நெறி பேச வம்சஸ்தம், வீரமும் ரௌத்திரமும் கலக்குமிடத்தில் வசந்ததிலகம், அரசர் வீரத்தைப் புகழச் சார்தூலவிக்ரீடிதம், மழைக்காலம், பிரிவு, துயரம் ஆகியவற்றுக்கு மந்தாக்ராந்தா என்று பட்டியலிடுகிறார். இடமறியாமல் விருத்தத்தைக் கையாள்வது ஒட்டியாணத்தைக் கழுத்தில் அணிந்துகொள்வது போன்றது என்றும் சொல்கிறார்.

ஆனால் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். மழைக்காலம், பிரிவு, துயரம் மூன்றும் சேர்ந்தால் அது காளிதாசரின் மேகதூதம். நான்கு, ஆறு, ஏழு என எழுத்துகள் நின்று நின்று செல்லும் பதினேழெழுத்து மந்தாக்ராந்தையில் காளிதாசர் அக்காவியம் முழுவதையும் பாடிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகுதான் க்ஷேமேந்திரர் பிறக்கிறார். அரசியல் நெறிக்கு வம்சஸ்தம் என்னும்போதும் அவர் காதில் ஒலிப்பது பாரவியின் கிராதார்ஜுனீயத் தொடக்கந்தான். ஆகவே கவிஞர்கள் இலக்கணத்தைப் பார்த்து எழுதவில்லை. கவிஞர்களைப் பார்த்து க்ஷேமேந்திரர் இலக்கணம் எழுதினார். பின் வந்தவர்கள் அவர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, மழையைப் பாட மந்தாக்ராந்தையைத் தேடியபோதுதான் அது விதியாக இறுகியது. அதே க்ஷேமேந்திரர், ஒவ்வொரு பெருங்கவிஞருக்கும் தனக்கென ஒரு விருத்தம் வசப்பட்டிருக்கும் என்றும் கூறுகிறார். காளிதாசர் கையில் மந்தாக்ராந்தை, நல்ல பாகன் பழக்கிய காம்போஜக் குதிரையைப் போல் துள்ளுகிறது. பவபூதியின் சிகரிணி மேகத்தைக் கண்ட மயிலைப் போல் ஆடுகிறது. இவ்விரண்டு கருத்துகளும் ஒன்றோடொன்று பொருந்தா. விருத்தம் சுவைக்கு உரியது என்றால் கவிஞருக்கு உரியதாவது எப்படி? அவர் இம்முரண்பாட்டைத் தீர்க்க முயலவில்லை, நல்ல வேளை.

கேள்வி: இந்தக் கலை வேதத்தின் அங்கமாகப் பிறந்தது. அப்படியானால் யாப்பு நூலார் எல்லாரும் வைதிகர்கள்தாமா?

பதில்: தொடக்கம் அங்கே. வளர்ச்சி அங்கே மட்டும் நிற்கவில்லை. ஹேமச்சந்திரர் சமணத் துறவி. சந்தோனுசாசனம் என்றே பெயர் கொண்ட மற்றொரு நூலைச் செய்த ஜயகீர்த்தியும் சமணர், கன்னட நாட்டவர்; தம் வடமொழி நூலில் கன்னடச் செய்யுள் வகைகளுக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். பிராகிருதமும் அபப்பிரம்சமும் அவர்களிடம் உயிரோடு வழங்கியதால், மாத்திரைச் செய்யுள்களைப் பற்றி ஆழ்ந்து எழுதும் வாய்ப்பு சமணர்களுக்கே மிகுதியாகக் கிடைத்தது. சுவடிகளைக் காத்தவர்களும் அவர்களே. ஜெய்சல்மேர் சமணச் சுவடிச் சாலை இல்லாவிட்டால் இந்தத் துறையில் பல பெயர்கள் பெயர்களாகவே நின்றிருக்கும்.

பௌத்தர்களும் பின்தங்கவில்லை. விக்கிரமசீலம் என்னும் பௌத்தக் கல்விச்சாலையின் பேராசிரியர் ரத்நாகரசாந்தி சந்தோரத்நாகரம் செய்தார். அவரை ஒட்டி வாழ்ந்த தருக்க நூலார் ஞானஸ்ரீமித்திரர், போதிசத்துவர் மஞ்சுஸ்ரீயைத் துதிக்கும் விருத்தமாலாஸ்துதியில், ஒவ்வொரு செய்யுளும் ஒவ்வொரு விருத்தத்துக்கு எடுத்துக்காட்டாக இருக்க, அவ்விருத்தத்தின் பெயரும் துதியின் சொற்களுக்குள்ளேயே பொருளோடு அமையுமாறு பாடியிருக்கிறார். இவை திபெத்திய மொழிக்கும் சென்றன. லகு குரு வேறுபாடே இல்லாத மொழியில் லகு குரு இலக்கணத்தை மொழிபெயர்த்தவர்களின் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தமிழ் யாப்புக்கும் இதற்கும் என்ன உறவு? அசையும் கணமும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. ‘பாட’, ‘பாடல்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டும் நேர் நேர், தேமா. வடமொழி முறையில் முதலாவது குரு லகு, இரண்டாவது, குறிலை ஒற்று அடைப்பதால், குரு குரு. அங்கே உயிர்நாடியாக இருக்கும் வேறுபாடு இங்கே கண்ணிலேயே படுவதில்லை. ‘மரம்’ என்பது அவர்களுக்கு லகு குரு என இரண்டு அலகு; நமக்கு ஒரே நிரையசை. வடமொழியார் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நிறுத்து எடை பார்க்கிறார்கள்; நாம் எழுத்துகளை அசையாகக் கோத்து, சீராக்கி, சீருக்கும் சீருக்கும் இடையே தளை கொள்கிறோம். தளைக்கு நேரான ஒன்று வடமொழி விருத்தத்தில் கிடையாது. கணம் என்பதும் சுருக்கி எழுத உதவும் குறியீடுதானே தவிர, சீரைப் போல் ஓதும்போது பிரிந்து ஒலிக்கும் உறுப்பு அன்று.

உறவு இல்லாமலும் இல்லை. யாப்பருங்கல விருத்தி, நான்கெழுத்து முதல் இருபத்தாறெழுத்து வரை அடி வருவன சந்தம், இருபத்தேழு முதல் உயர்ந்து வருவன தண்டகம் என வகுக்கிறது. இருபத்தாறு என்ற எல்லை வடமொழியாருடையது. ஓரெழுத்து முதல் இருபத்தாறெழுத்து வரை நான்கடியும் ஒத்து வரக்கூடிய விருத்தங்கள் மொத்தம் 13,42,17,726; இவற்றுள் கவிஞர்கள் கையாண்டவை சில நூறுகூட இருக்குமா என்பது வேறு கேள்வி. எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையிலும் (நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு) அந்த எண்ணும் பழக்கத்தின் சாயல் தெரிகிறது. ஆனால் அங்கும் வெண்டளை வேண்டும் என்று நம்மவர் பிடிவாதமாக நின்றுவிட்டனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. யாப்பருங்கலக்காரிகை ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டது. அதற்கு ஒப்புமை காட்டும் பழைய உரை ‘குணகாங்கியம் என்னும் கருநாடகச் சந்தம்’ என்று ஒரு நூலைக் குறிப்பிடுகிறது. அக்கன்னட நூல் இன்று கிடைக்கவில்லை. அப்படியொரு நூல் இருந்தது என்பதைக் கன்னட இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நம்முடைய உரையிலிருந்தே எடுத்துக்காட்டுகின்றனர்.

கேள்வி: அண்மைக் காலத்தில் இத்துறையில் உழைத்தவர்கள் யார்?

பதில்: ஐரோப்பியருக்கு இதை முதலில் விரிவாக எடுத்துச் சொன்னவர் கோல்புரூக், 1808இல் வடமொழி, பிராகிருதச் செய்யுள் பற்றி அவர் எழுதிய கட்டுரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்தது. 1863இல் ஆல்பிரெக்ட் வேபர் பிங்கலரை ஜெர்மன் மொழியில் விரிவாக ஆராய்ந்தார். கணக்குப் பகுதியைத் தனியே எடுத்து 1933இல் எழுதியவர் லுட்விக் ஆல்ஸ்டோர்ஃப். ஃபிபனாச்சி எண்களின் இந்திய வரலாற்றை நிறுவிய பரமானந்த சிங்கின் கட்டுரை 1985இல் வந்தது. மேலே சொன்ன பௌத்த யாப்பு நூல்களைப் பதிப்பித்துத் தந்தவர் மிஷேல் ஹான்.

இவர்கள் எல்லாரையும்விட நாம் கடன்பட்டிருப்பது பம்பாய்ப் பேராசிரியர் ஹரி தாமோதர் வேலண்கருக்கு. 1949இல் வெளிவந்த அவருடைய ‘ஜயதாமன்’ ஜயதேவர், ஜயகீர்த்தி, கேதாரபட்டர், ஹேமச்சந்திரர் ஆகிய நால்வரின் நூல்களை ஒருங்கே தந்ததோடு, வடமொழி விருத்தங்கள் அனைத்துக்கும் அகரவரிசை அட்டவணையும் தந்தது. விரஹாங்கரை அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. இன்று ஒருவர் ‘இது விரஹாங்கரின் விதி’ என்று இரண்டு நொடியில் சொல்லிவிட முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் ஒருவர் ஓலையையும் ஏட்டையும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கழித்திருக்கிறார். அச்செய்தி கைபேசிகளில் சுற்றுவதில்லை.

கேள்வி: வடமொழி ஓரளவு தெரியும். எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

பதில்: கேதாரபட்டரின் விருத்தரத்நாகரம். பிங்கலரை உரையின்றித் தொட வேண்டாம். கேதாரர் ஒரு விருத்தத்துக்கு இலக்கணம் சொல்லும் அடியையே அவ்விருத்தத்தில் அமைத்துவிடுவார். ‘ஸ்யாதிந்த்ரவஜ்ரா யதி தௌ ஜகௌ க:’ என்ற பதினோரெழுத்து அடி, இரண்டு த கணம், ஒரு ஜ கணம், இரண்டு குரு வந்தால் இந்திரவஜ்ரா என்று சொல்கிறது; எண்ணிப் பார்த்தால் அந்த அடியே இந்திரவஜ்ராதான். இலக்கணத்தை மனப்பாடம் செய்தால் எடுத்துக்காட்டும் உடன் வந்துவிடும். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் மட்டும் படித்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

கேள்வி: சென்ற இதழ்க் கட்டுரையில் சிகரிணிக்கு ஏழாம் எழுத்தில் யதி, அதாவது ஓதும்போது நிற்குமிடம், என்று எழுதியிருந்தீர்கள். சௌந்தரியலஹரியைத் தினமும் ஓதுகிறவன் நான். என் நாக்கு ஆறில்தான் நிற்கிறது.

பதில்: உங்கள் நாக்கு சொல்வதே சரி. சிகரிணிக்கு ய, ம, ந, ஸ, ப என்னும் ஐந்து கணங்களும் ஒரு லகுவும் ஒரு குருவும் சேர்ந்து பதினேழு எழுத்து. யதி ஆறிலும் அதற்குப் பின் பதினொன்றிலும். பிழை என்னுடையது. அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பவர்கள் ஏழை அடித்து ஆறு என்று எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.